ஜீவனி பக்கற்றும் கெண்டைக்கால் பிடிப்பும்: திருகோணமலைச் சைக்கிள்காரருக்கு ஒரு மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜீவனி என்ற நீரேற்ற உப்புத் தூள் நல்ல பொருள். கச்சான் காற்று வீசும் காலத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சைக்கிள் மிதிப்பவர் பையில் ஒரு பக்கற் வைத்திருப்பது நல்லது. ஆனால் கெண்டைப் பிடிப்புக்கு மருந்து என்று நம்பி வாங்குகிற பலருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். சைக்கிளில் கால் இழுத்துப் பிடிக்க உப்புக் குறைவும் ஒரு காரணம்தான். ஆனால் பழக்கத்துக்கு மிஞ்சிய வேகம், சீற்றின் உயரம், ஃபிரீவீலின் பல், வெறும் வயிறு எல்லாம் அதற்கு முன்வரிசையில் நிற்கின்றன. பக்கற் எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்று தெரிந்து வாங்கினால் கொடுத்த காசுக்கு முழுப் பயன் கிடைக்கும்.

வாய்வழி நீரேற்ற உப்புத் தூளை யார் தயாரித்திருந்தாலும் இங்கே பாமசியில் "ஒரு ஜீவனி தாங்கோ" என்றுதான் கேட்கிறோம். வயிற்றோட்டத்துக்கும் டெங்குக் காய்ச்சலுக்கும் வீட்டில் வாங்கி வைக்கும் அதே பக்கற்தான் இது. இந்தத் தூளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு, ஒரு லீற்றர் நீருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைட் 1.5 கிராம், சோடியம் சிற்றேற் 2.9 கிராம். எல்லாம் சேர்த்து 20.5 கிராம். வாங்கும்போது பக்கற்றைத் திருப்பி இந்த நான்கும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதே அலுமாரியில் வெறும் குளுக்கோஸ் தூளும் அடுக்கியிருக்கும். களைப்புக்கு அது உதவலாம், ஆனால் வியர்வையில் போன உப்பைத் தராது. அவசரத்தில் மாற்றி வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர்.

சரியாகக் கரைத்த ஒரு லீற்றரில் சோடியம் 75 மில்லிமோல் இருக்கும், அதாவது ஏறத்தாழ 1.7 கிராம். வியர்வையிலோ ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு: லீற்றருக்கு 20 முதல் 80 மில்லிமோல் வரை போகும். நடுத்தரமான ஒருவர் ஒரு லீற்றர் வியர்வையோடு ஒரு கிராம் அளவு சோடியத்தை இழக்கிறார். ஆகவே பெரும்பாலானோரின் வியர்வையைவிட ஜீவனியில் உப்புக் கூட. போத்தலில் வரும் விளையாட்டுப் பானங்களில் இது பெரும்பாலும் 20 மில்லிமோலை ஒட்டித்தான் இருக்கும். அவற்றில் சீனி கூட, உப்புக் குறைவு. செவ்விளநீர் பொட்டாசியத்தை அள்ளித் தருகிறது, ஆனால் சோடியம் அதில் கொஞ்சம்தான். வியர்வையில் கூடுதலாகப் போவது சோடியம். நிலாவெளி வீதியோரத்தில் நிறுத்தி இளநீர் குடிப்பது நல்ல பழக்கம். கூடவே ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்துக்கொண்டு குடித்தால் இன்னும் நல்லது.

உங்கள் வியர்வை எந்த வகை என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. கறுப்பு அல்லது கடும்நீல ரீசேட் போட்டுக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் ஓடி, அதை நிழலில் காயவிடுங்கள். முதுகிலும் கைக்கிடுக்கிலும் வெள்ளைக் கோடுகள் வரைபடம் போட்டிருந்தால், கண்ணுக்குள் வியர்வை இறங்கும்போது நன்றாகக் கரித்தால், நீங்கள் உப்பு அதிகம் இழக்கும் ஆள். ஜீவனி முதலில் உங்களுக்குத்தான்.

கரைப்பதில்தான் கூடுதலான தவறு நடக்கிறது. ஒரு லீற்றருக்கான பக்கற்றை 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலில் கொட்டிக் குலுக்குவது வழமையான காட்சி. அப்படிச் செய்தால் கரைசலின் அடர்த்தி இரண்டு மடங்காகிறது. சரியான அளவில் அதன் செறிவு லீற்றருக்கு 245 மில்லியொஸ்மோல், இரத்தத்தைவிடச் சற்றுக் குறைவு. அதனால்தான் குடலிலிருந்து நீர் விரைவாக உடலுக்குள் போகிறது. இரண்டு மடங்கானால் 490. இரத்தத்தைவிட மிகக் கூடுதல். அப்போது நீர் எதிர்த்திசையில், உடலிலிருந்து குடலுக்குள் வரும். வயிறு ஊதும், குமட்டும், தாகம் கூடும். "ஜீவனி எனக்கு ஒத்துவராது" என்று சொல்பவர்களிடம் எத்தனை தண்ணீரில் கரைத்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

சைக்கிளில் மாட்டும் போத்தல் பெரும்பாலும் 600 அல்லது 750 மில்லிலீற்றர். பக்கற்றைக் கண்ணளவில் பங்கிட வேண்டாம். தூளில் நான்கு பொருளும் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மேல்பாதியில் குளுக்கோஸும் கீழ்ப்பாதியில் உப்புமாகவும் போகலாம். வீட்டில் ஒரு லீற்றர் போத்தலில் முழுப் பக்கற்றையும் கரைத்து, அதிலிருந்து சைக்கிள் போத்தலை நிரப்புங்கள். மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓட்டம் முடிந்து வந்து குடிக்கலாம். கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். கரைத்த பிறகு சூடாக்கக் கூடாது. சோடாவிலோ இனிப்புப் பானத்திலோ கரைக்கக் கூடாது. சீனி சேர்க்கக் கூடாது. தேசிக்காய் ஓரிரு சொட்டுப் பிழிவதில் தவறில்லை. குளிர்ந்திருந்தால் வாய்க்கு இதமாக இருக்கும், கூடக் குடிக்கவும் வரும். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள். போத்தலைக் கழுவாமல் விட்டால் குளுக்கோஸ் ஒட்டிய மூடியில் ஒரே நாளில் வழுவழுப்புப் பிடித்துவிடும். உறிஞ்சும் முனையைக் கழற்றிக் கழுவுங்கள்.

பக்கற் கையில் இல்லாவிட்டால் வீட்டு முறை உண்டு: ஒரு லீற்றர் நீர், மட்டமாக வழித்த 6 தேக்கரண்டி சீனி, மட்டமாக வழித்த அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் பிழை, கொட்டிவிட்டுத் திரும்பக் கரையுங்கள். இதில் பொட்டாசியம் இல்லை, ஒரு வாழைப்பழம் அந்தக் குறையைத் தீர்க்கும்.

இனிக் கேள்விக்கு வருவோம். இது பிடிப்பை நிறுத்துமா? ஜீவனிக்குச் சார்பான நல்ல சான்று ஒன்று உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் எடித் கோவன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் 10 ஆண்களை வெப்பத்தில் இறக்கத்தில் ஓடவிட்டு, உடல் எடையில் 2 வீதம் அளவு வியர்க்க வைத்தார்கள். பிறகு ஒரு முறை வெறும் தண்ணீரும் மறுமுறை ஜீவனி போன்ற கரைசலும் கொடுத்து, கெண்டைத் தசையை மின்துடிப்பால் தூண்டிப் பார்த்தார்கள். வெறும் தண்ணீர் குடித்த பிறகு தசை முன்பைவிட எளிதாகப் பிடித்துக்கொண்டது. கரைசல் குடித்த பிறகு அவ்வளவு எளிதில் பிடிக்கவில்லை. மிக வியர்த்த பின் உப்பில்லாத தண்ணீரை மட்டும் மடமடவென்று குடிப்பது உதவாது என்பதற்கு இது நேரடியான சாட்சி. ஆனால் ஆட்கள் 10 பேர், பிடிப்பும் மின்சாரத்தால் வரவழைத்தது. அந்த அளவுக்குத்தான் இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

மறுபக்கம் பலமானது. தென்னாபிரிக்காவைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வெல்னஸும் அவரோடு சேர்ந்தவர்களும் நெடுந்தூர ஓட்டக்காரர்களையும் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயன்மேன் போட்டியாளர்களையும் ஆராய்ந்தார்கள். பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இடையில் நீரிழப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. இரத்த உப்புகளை வைத்தும் பிடிப்பை விளக்க முடியவில்லை. முன்பு பிடிப்பு வந்திருந்தவர்களுக்கும் கூடிய வேகத்தில் போனவர்களுக்கும்தான் அது வந்தது. இதற்கு அவர்கள் தரும் விளக்கம் எளிமையானது. தசைக்குள் நீட்சியை அறிந்து "சுருங்கு" என்று தூண்டும் உணர்வுறுப்பு ஒன்று உண்டு. தசைநாணில் இழுவிசையை அறிந்து "விடு" என்று அடக்கும் உறுப்பு இன்னொன்று. தசை களைக்கக் களைக்க முதலாவதன் சத்தம் கூடும், இரண்டாவதன் சத்தம் குறையும். ஏற்கெனவே குறுகிய நிலையில் இருக்கும் தசை மேலும் சுருங்க முயலும்போது "விடு" என்ற சைகை இன்னும் பலவீனம். அந்தக் கணத்தில்தான் கெண்டை கல்லாகிறது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். உப்பு உடல் முழுவதற்கும் பொதுவானது. உப்புக் குறைவுதான் முழுக் காரணம் என்றால் கையும் வயிறும் முதுகும் சேர்ந்து பிடிக்க வேண்டும். சைக்கிளில் பிடிப்பது கெண்டையும் தொடையும், அதாவது வேலை செய்த தசை மட்டும். நீட்டி விட்டால் ஒரு நிமிடத்தில் தளர்கிறது. அந்த நிமிடத்தில் உடலுக்குள் ஒரு மணி உப்புக்கூடப் போகவில்லை.

ஆகையால் பக்கற்றை வாங்க முன் பிடிப்பு எப்போது வருகிறது, எங்கே வருகிறது என்று பாருங்கள். வீட்டிலிருந்து புறப்பட்ட அரை மணிக்குள் வந்தால் அது உப்பு இல்லை. அதற்குள் அவ்வளவு வியர்த்திருக்க மாட்டீர்கள். எப்போதும் ஒரே காலில் ஒரே இடத்தில் வந்தால் சீற்றையோ பாதம் வைக்கும் இடத்தையோ பழைய காயத்தையோ சந்தேகப்படுங்கள். உவர்மலை ஏற்றத்திலும் கோணேசர் கோயில் ஏற்றத்திலும் மட்டும் வந்தால் கியர் பாரம். இரண்டு மணித்தியாலம் கடந்து, சேட் உப்புப் பூத்து, இரண்டு கால்களும் மாறி மாறித் துடித்து, கைவிரலும் மடங்கப் பார்த்தால், அப்போது ஜீவனிக்கு வேலை இருக்கிறது.

திருகோணமலையில் அந்தக் கடைசி நிலை வருவதற்கு வாய்ப்பு மற்ற ஊர்களைவிடக் கூட. கச்சான் அடிக்கும் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்று சூடும் வரட்சியும் கொண்டது. வியர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடும். நனைந்த உணர்வே இல்லாததால் எவ்வளவு போயிற்று என்று ஆளுக்குத் தெரியாது. கந்தளாய் வீதி தென்மேற்காகப் போகிறது. போகும்போது எதிர்காற்றில் மிதித்துத் தொடை களைத்துப் போகும். திரும்பும்போது காற்று முதுகில். வேகம் கூடும், சந்தோஷமாக இருக்கும், ஆனால் காற்றின் வேகத்தோடு சைக்கிளின் வேகமும் ஒத்துப்போனால் உடம்பில் காற்றுப் படாது. உடல் சூடேறி வியர்வை ஒழுகத் தொடங்குவது அந்தத் திரும்பும் பாதியில்தான். தம்பலகாமத்தைத் தாண்டிச் சீனக்குடாப் பக்கம் நெருங்கும்போது கால் பிடிப்பதற்கு இந்த இரண்டும் சேர்ந்த கணக்குக் காரணம். குச்சவெளிக்கு அப்பால் புல்மோட்டை வரை போகிறவர்கள் கடையும் நிழலும் ஐதான பகுதிக்காகத் தண்ணீரைக் கூடவே கொண்டுபோக வேண்டும்.

எவ்வளவு குடிக்கலாம்? ஒரு மணித்தியாலத்துக்குட்பட்ட ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். நிலாவெளிக்குப் போய் வருவது, ஏறத்தாழ 30 கிலோமீற்றர், காலை 6 மணிக்குப் புறப்பட்டால் ஜீவனி இல்லாமலே முடியும். இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டும் வெயில் ஓட்டத்துக்கு ஒரு போத்தலில் ஜீவனியும் மற்றதில் வெறும் தண்ணீரும் வைத்து மாறி மாறிக் குடியுங்கள். கால் மணிக்கு ஒருமுறை நாலைந்து மிடறு. உங்கள் அளவைச் சரியாக அறிய, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வியர்வை துடைத்து, நனைந்த உடுப்பைக் கழற்றி எடை பாருங்கள். முன்பு 68.0 கிலோ, ஒரு மணித்தியாலத்துக்குப் பின் 67.2 கிலோ, இடையில் குடித்தது 400 மில்லிலீற்றர் என்றால் வியர்த்தது 1.2 லீற்றர். அத்தனையையும் ஓடும்போதே நிரப்பத் தேவையில்லை, வயிறும் ஏற்காது. எடை இழப்பு 2 வீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். திரும்பி வரும்போது எடை கூடியிருந்தால் நீங்கள் அளவுக்கு மிஞ்சிக் குடித்திருக்கிறீர்கள். வெறும் தண்ணீரை அப்படிக் குடித்து இரத்தச் சோடியம் இறங்கினால் தலையிடி, வாந்தி, மயக்கம் வரை போகலாம்.

ஜீவனியால் நிரப்ப முடியாதது ஒன்று உண்டு, அது சாப்பாடு. ஒரு லீற்றரில் 13.5 கிராம் குளுக்கோஸ் என்றால் 54 கலோரிதான். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் மிதிக்கும் உடலுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்துத் தேவை. தசையில் சேமித்த எரிபொருள் தீரும்போது களைப்பு முந்தி வருகிறது, களைப்போடு பிடிப்பும் முந்துகிறது. பிளேன்ரீ குடித்துவிட்டு வெறும் வயிற்றோடு 40 கிலோமீற்றர் புறப்படுவது தேடிப்போய்ப் பிடிப்பை வாங்குவதாகும். புறப்பட முன் இடியப்பமோ பாணோ, வழியில் மணிக்கு இரண்டு வாழைப்பழம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் நோன்பு காலத்தில் மாலைச் சவாரி போகிறவர்கள் நோன்பு திறந்து, தண்ணீரும் சாப்பாடும் உள்ளே போய் ஒரு மணித்தியாலமாவது கழித்துச் சைக்கிளைத் தொடுவது நல்லது.

இப்போது சைக்கிளைப் பார்ப்போம். பக்கற் வாங்கும் காசைவிட இங்கே செலவிடும் பத்து நிமிடத்துக்குப் பயன் கூட. சீற்றில் இருந்து, செருப்பில்லாமல், குதிக்காலைப் பெடலில் வைத்துப் பெடலைக் கீழே கொண்டுபோங்கள். முழங்கால் அப்போது நேராக நீள வேண்டும். இடுப்பு ஒருபக்கம் சரியக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பந்தை, அதாவது விரல்களுக்குப் பின்னுள்ள தடித்த பகுதியை, பெடலில் வைத்தால் முழங்காலில் 25 முதல் 35 பாகை மடிப்பு வரும். அதுதான் உயரம். அளவுநாடாவால் பார்க்க விரும்புகிறவர்கள் கவட்டிலிருந்து தரை வரையுள்ள நீளத்தை 0.883 ஆல் பெருக்கி, கிராங்கின் நடு அச்சிலிருந்து சீற்றின் மேல்மட்டம் வரை அந்த அளவை வைக்கலாம். 75 சென்ரிமீற்றர் கால் என்றால் 66.2 சென்ரிமீற்றர்.

சீற் கூடுதலாக உயர்ந்தால் பெடல் கீழே போகும் ஒவ்வொரு முறையும் விரல் நுனியால் எட்டிப் பிடிப்பீர்கள். கெண்டைத் தசை குறுகிய நிலையில் நின்றபடியே வேலை செய்யும்; முன்பு சொன்ன அந்த ஆபத்தான நிலை இதுதான். கெண்டை மட்டும் பிடிப்பவர்கள் சீற்றை 5 மில்லிமீற்றர் இறக்கி ஒரு கிழமை ஓடிப் பாருங்கள். தொடையின் பின்பக்கம் பிடித்தால் சீற் உயரத்தோடு அது பின்னே தள்ளியிருக்கிறதா என்றும் பாருங்கள். தொடையின் முன்பக்கம் எரிந்து பிடித்தால், முழங்கால் முன்னே நொந்தால், சீற் தாழ்வாக இருக்கிறது. அப்பாவும் மகனும் ஒரே சைக்கிளை ஓடும் வீட்டில் இது வழமையாக நடப்பது. ஆளுக்கு ஒரு கோடு கீறிச் சீற் தண்டில் அடையாளம் வைத்துவிட்டால் மாற்றுவது ஒரு சாவி வேலைதான். தண்டில் பொறித்திருக்கும் எல்லைக் கோட்டுக்கு மேல் இழுக்க வேண்டாம், முறியும். அது போதாவிட்டால் நீளமான தண்டு வாங்குங்கள்.

செருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். றப்பர்ச் செருப்போடு மிதிக்கும்போது அது கழன்றுவிடாமல் இருக்கக் கால்விரல்கள் தன்னையறியாமல் மடங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஒரு மணித்தியாலம் அப்படிப் பிடித்த விரல் உள்ளங்காலில் தொடங்கிக் கெண்டை வரை இழுக்கும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வார் அழுந்திய சிவப்புத் தழும்பைப் பார்த்தாலே எவ்வளவு பிடித்திருக்கிறீர்கள் என்று தெரியும். பின்வார் உள்ள சன்டல்ஸோ அடி தடித்த சப்பாத்தோ போடுங்கள். பாதத்தை ஒரு சென்ரிமீற்றர் முன்னே தள்ளி, பெடலின் அச்சு முன்பந்துக்குச் சற்றுப் பின்னே வரும்படி வைத்தாலும் கெண்டையின் பாரம் குறையும்.

கியர் இல்லாத சைக்கிளுக்குப் பல்லின் கணக்கு முக்கியம். செயின் வீலில் 44 பல், ஃபிரீவீலில் 18 பல், 28 அங்குலச் சில்லு என்றால் ஒரு மிதிச்சுற்றுக்கு ஏறத்தாழ 5.45 மீற்றர் போகும். எதிர்காற்றில் வேகம் மணிக்கு 12 கிலோமீற்றராக இறங்கினால் நிமிடத்துக்கு 37 சுற்றுத்தான். ஒவ்வொரு மிதியும் படியேறுவது போன்ற பாரம். ஃபிரீவீலை 22 பல்லுக்கு மாற்றினால் அதே வேகத்தில் 45 சுற்று வரும், ஒவ்வொரு மிதியின் விசையும் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறையும். பின் கரியரில் காஸ் சிலிண்டரோ மீன்பெட்டியோ ஏற்றுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. நாலு பல் கூடும்போது சில்லை அரை அங்குலம் முன்னே நகர்த்த வேண்டும்; தாங்கியில் இடமில்லாவிட்டால் செயினில் ஒரு சோடிக் கண்ணி சேர்க்க வேண்டும். சைக்கிள் கடையில் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் இரண்டாம் முறை போகத் தேவைப்படாது. கியர் உள்ளவர்கள் நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று வரும் கியரில் ஓடுங்கள். பாரத்தை உணர்ந்த பிறகு மாற்றாமல் ஏற்றத்துக்கு முன்பே மாற்றுங்கள்.

சில்லைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். பிரேக் கட்டை உரசினால், கடற்கரை மணலும் உப்புக்காற்றும் பட்டுச் செயின் செம்மண் நிறமாகிக் கிறீச்சிட்டால், ரயர் பெருவிரலுக்கு அமுங்கினால், அத்தனை தடையையும் உங்கள் தொடைதான் தள்ளுகிறது. உப்புவெளியில் வாடகைக்கு எடுக்கும் சைக்கிள்களிலும் புறப்பட முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

தூரத்தைக் கிழமைக்குப் பத்து வீதம் போலக் கூட்டுங்கள். வாரநாளில் கன்னியா வரை போய்வரும் கால், வாரக்கடைசியில் நண்பர்களோடு குச்சவெளிக்குப் பறந்தால் திரும்பும்போது பிடிக்கத்தான் செய்யும். அதற்குப் பக்கற் கிடையாது.

பாமசியில் ஜீவனிக்குப் பக்கத்தில் நிற்கும் மற்றப் பொருட்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மக்னீசியம் குளிசை: பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் மீளாய்வு, 2020இல் புதுப்பிக்கப்பட்டபோது, முதியவர்களின் காற்பிடிப்பைத் தடுப்பதில் அதற்குக் குறிப்பிடத்தக்க பயன் இருக்க வாய்ப்பில்லை என்கிறது, உடற்பயிற்சியில் வரும் பிடிப்புக்கு முறையான சோதனையே இருக்கவில்லை. கூடினால் வயிற்றோட்டம் வரும், பிறகு ஜீவனி வேறு வாங்க வேண்டும். தைலமும் ஸ்பிறேயும் பிடிப்பு விட்ட பின் மிஞ்சும் நோவை மறக்கச் செய்யும், பிடிப்பை அவிழ்க்கா. குயினைன் வேண்டவே வேண்டாம். இரத்தத் தட்டுகளையும் இதயத் துடிப்பையும் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு காற்பிடிப்புக்கு அதைப் பயன்படுத்துவதற்கு எதிராக எச்சரித்திருக்கிறது. ஊறுகாய்த் தண்ணீர் பற்றிய செய்தி உண்மையில் சுவையானது: 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வினாகிரியில் ஊறிய வெள்ளரிக்காயின் நீரைக் குடித்தவர்களுக்கு வெறும் தண்ணீர் குடித்தவர்களைவிட 37 வீதம் விரைவாகப் பிடிப்பு விட்டது. உப்பு இரத்தத்தில் சேர நேரம் போதாது என்பதால், தொண்டையில் படும் காரப்புளிப்பு நரம்பு வழியாக வேலை செய்கிறது என்று கருதுகிறார்கள். நம் எண்ணெய் ஊறுகாயை வைத்து அந்தச் சோதனை நடக்கவில்லை.

பிடித்துவிட்டால், வீதியோரத்துக்கு வந்து இறங்குங்கள். கெண்டை என்றால் முழங்காலை நேராக நீட்டிக் கால்விரல்களை முழங்கால் பக்கமாக இழுத்து 20 முதல் 30 விநாடி பிடியுங்கள். விட்டுத் திரும்பவும் செய்யுங்கள். தொடையின் பின்பக்கம் என்றால் காலை நீட்டி இடுப்பிலிருந்து முன்னே குனியுங்கள். முன்பக்கம் என்றால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை ஆசனப்பக்கம் மடியுங்கள். வெட்டி இழுக்க வேண்டாம், நண்பரைக் கொண்டு மிதிக்கவும் வேண்டாம், தசைநார் கிழியலாம். விட்ட பிறகு சாப்பிட்டு, ஜீவனி குடித்து, அடுத்த பத்து நிமிடம் பாரமில்லாமல் மிதியுங்கள். இடையிடையே மிதிப்பதை நிறுத்தி, பெடலில் குதிக்காலைக் கீழே இறக்கிக் கெண்டையை நீட்டிக்கொள்ளலாம்.

ஜீவனி எல்லோருக்குமானதும் இல்லை. உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் வழமையாகக் குடிக்கக் கூடாது. பதவி ஸ்ரீபுர போன்ற, சிறுநீரக நோய் பரவலாக உள்ள பகுதிகளில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நீரிழிவுக்காரர்கள் குளுக்கோஸையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிறுநீர் போகக் கொடுக்கும் அழுத்த மாத்திரைகளும் கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கும் ஸ்ரற்றின் மாத்திரைகளும் தசைநோவையும் பிடிப்பையும் கொண்டுவரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

கெண்டை கல்லாகாமல், மிதிக்கும்போது நொந்து நின்றவுடன் ஆறினால் அது இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், புகைபிடிப்பவர்களிலும் நீரிழிவுக்காரரிலும் அதற்கு வாய்ப்புக் கூட. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி நோவு விடாமல் நின்றால் உள்நாளத்தில் இரத்தக் கட்டி என்று சந்தேகிக்க வேண்டும். அந்தக் காலைப் பிடித்துவிட வேண்டாம். கடும் ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் பிளேன்ரீயின் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். கடைசி இரண்டுக்கும் பக்கற் கரைத்துக்கொண்டு விடியும் வரை பார்த்திருக்காமல் அன்றைக்கே மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.